ஒரே கட்டளை, இரு விளைவுகள்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு முதலியார் என்னும் பதவி புதியதன்று. சாட்சி தமிழிற் சொல்லுவதை நீதிபதி விளங்கும் மொழியிலே எடுத்துரைப்பது அவர் கடமை. அந்த மொழியை அறியாத நீதிபதியின் தீர்ப்புக்கு அடிப்படையாவது சாட்சியின் வாய்ச்சொல் அன்று. முதலியாரின் வாய்வழி வந்த சொல்லே. சாட்சி ஒருவரே, சாட்சியம் ஒன்றே ஆயினும், முதலியார் மாறினால் ஒரு சொல்லின் பொருள் சிறிது சாயக்கூடும். அச்சிறு சாய்வே ஒரு வழக்கின் போக்கை மாற்றவும் கூடும்.

கணினிக்குள்ளும் இத்தகைய முதலியார் ஒருவர் இருக்கிறார். மனிதர் விசைப்பலகையில் எழுதும் கட்டளையைப் படித்து, சொற்களாகப் பிரித்து, பொருள் கண்டு, உரிய செய்நிரலை அழைத்து வேலை வாங்குவது அவருடைய தொழில். அவருக்கு ஷெல் என்று பெயர். ஷெல் என்றால் ஓடு. பணிசெயல் முறைமையின் உட்கருவைச் சூழ்ந்து நிற்கும் ஓடு என்ற கருத்திலே இப்பெயர் அமைந்தது. 1960களின் நடுப்பகுதியில் மல்ரிக்ஸ் என்னும் முறைமைக்கான ஆக்கப் பணியின்போது பிரெஞ்சு அறிஞர் லூயி பூசான் இச்சொல்லை வழங்கினார். இந்த ஓடு ஒன்றன்று, பல என்பதிலிருந்தே இங்கு ஆராயப்படும் சிக்கல் பிறக்கிறது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கொழும்பில் ஒரு வாசிகசாலை. அதனைச் சார்ந்த நலன்புரிச் சங்கம் வறிய மாணவர்க்குப் பாடநூல் உதவி வழங்குகிறது. வெள்ளவத்தையில் வாழும் ஓர் இளைஞர், விண்ணப்பங்களைச் சரிபார்த்து, நிறைவான விண்ணப்பம் அனுப்பியவர்க்குக் கடிதம் தயாரித்து, பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் சிறு கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதுகிறார். தம் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார். யாவும் செம்மையாக நடக்கின்றன. பின்னர் அதே கோப்பு கொட்டாஞ்சேனையிலுள்ள சங்கக் கணினிக்கு மாற்றப்படுகிறது. நாள்தோறும் நள்ளிரவில் தானாக ஓடும்படி ஏற்பாடும் செய்யப்படுகிறது.

மறுநாட் காலை மூன்று குறைகள் தெரியவருகின்றன. வெள்ளவத்தை மாணவர் பட்டியல் முழுவதும் காணாமற் போயிருக்கிறது. கொட்டாஞ்சேனை மாணவர் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் விண்ணப்பம் நிறைவாக இருந்தும் எல்லாரும் 'நிறைவற்றவர்' என்ற தலைப்பின் கீழ் நிற்கிறார்கள். பெயர்களின் வரிசையும் குலைந்திருக்கிறது. கனகா என்ற மாணவியின் பெயரைத் தேடுபவர் கமலாவுக்குப் பின்னே பார்க்கிறார், காணவில்லை. அவள் விண்ணப்பிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இந்த இடத்தில் பலரும் கூறும் தீர்ப்பு ஒன்றுண்டு: "கணினிக்குத் தமிழ் சரிவராது, பெயர்களை ஆங்கில எழுத்திலே பதிந்துவிடுங்கள்." எளிய பரிகாரம் போலத் தோன்றும் இதனால் விளையும் தீங்கு பெரிது. ஞானசேகரம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமும், அடையாள அட்டையில் வேறு விதமும், பாடசாலைப் பதிவில் இன்னொரு விதமுமாக எழுதப்பட்டு, மூவரும் ஒருவரே என்று நிறுவுவதற்குச் சத்தியக் கடதாசி தேடித் திரிந்த குடும்பங்கள் பல. ஆகவே, தவறு எங்கே என்று அறியாமற் செய்யும் பரிகாரம், தவறு செய்யாத மொழியைத் தண்டித்துவிடுகிறது. உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்க மூன்று வினாக்கள் போதும். கட்டளையைப் படித்தவர் யார்? சொற்களை அவர் எங்கே பிரித்தார்? படிக்கும்போது அவர் எத்தகைய சூழலில் இருந்தார்?

முதல் வினாவுக்கு விடை காணச் சிறிது வரலாறு வேண்டும். யுனிக்ஸ் முறைமையின் முதலாவது ஷெல்லை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் 1971இல் ஆக்கினார். அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் போர்ன் ஆக்கிய ஷெல் 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. பிற்காலத்து ஷெல்கள் பலவற்றுக்கும் மூதாதை அதுவே. 1989இல் பிரையன் பொக்ஸ் வெளியிட்ட பாஷ், போர்னின் பெயரோடு 'மீண்டும் பிறந்த' என்னும் ஆங்கிலத் தொடரைச் சிலேடையாக இணைத்துப் பெயர் பெற்றது. 1990இல் போல் பால்ஸ்ராட் இசட்-ஷெல்லை எழுதினார். உருவிற் சிறியதும் விரைவு மிக்கதுமான டாஷ் என்னும் ஷெல் டெபியன் முறைமையில் வளர்ந்தது. இவை அனைத்துக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றை வகுக்கும் பொருட்டு 1992இல் பொசிக்ஸ் நியமத்தின் ஷெல் பகுதி வெளியாயிற்று. எனினும் ஒவ்வொரு ஷெல்லும் அப்பொது இலக்கணத்துக்கு மேலாகத் தனக்கென்று சில வழக்குகளை வைத்துக்கொண்டது. ஒரு மொழியின் வட்டார வழக்குகளைப் போன்றவை அவை.

கட்டளைக் கோப்பின் முதல் வரி, அதனைப் படிக்க வேண்டிய ஷெல் எது என்று கூறும். பலர் அங்கே குறித்த ஒரு ஷெல்லின் பெயரை எழுதாது, 'எஸ்-எச்' என்ற இரண்டு எழுத்துக்களாலாகிய பொதுப்பெயரை எழுதுவர். இப்பொதுப்பெயர் ஒரு பதவிப் பெயரைப் போன்றது. பதவியில் இருப்பவர் இடத்துக்கு இடம் வேறுபடுவார். ரெட்ஹற் வழிவந்த லினக்ஸ் முறைமைகளில் அப்பெயருக்கு விடையளிப்பது பாஷ். உபுந்துவில் 2006இல் வெளிவந்த 6.10ஆம் பதிப்பு முதலும், டெபியனில் 2011இல் வெளிவந்த 6ஆம் பதிப்பு முதலும் விடையளிப்பது டாஷ். அப்பிள் நிறுவனமோ 2019இல் தன் மக் கணினிகளில் பயனர்க்குத் திறக்கும் ஷெல்லை பாஷிலிருந்து இசட்-ஷெல்லாக மாற்றியது. ஒரு கணினியில் நன்றாக ஓடியது மற்றொன்றில் தடுமாறுவதற்கு இம்மாற்றங்களே பெரும்பாலும் காரணம்.

வெள்ளவத்தை இளைஞர் தம் லினக்ஸ் கணினியில் இசட்-ஷெல்லை விரும்பிப் பயன்படுத்துபவர். கோப்பைச் சோதித்தபோது, முன்னே திறந்திருந்த அந்த ஷெல்லே அதனை நேரடியாகப் படிக்கும்படி செய்தார். அவ்வாறு செய்யும்போது முதல் வரி வெறுங் குறிப்பாகிவிடும். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்தது உபுந்து. அங்கே முதல் வரிக்கு உயிர் வந்தது. 'எஸ்-எச்' என்ற அழைப்புக்கு டாஷ் எழுந்து நின்றது.

இதனால் நேர்ந்தது யாது? விண்ணப்பம் நிறைவானதா என்று சோதிக்கும் நிபந்தனையை இளைஞர் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதியிருந்தார். பாஷும் இசட்-ஷெல்லும் இவ்வழக்கை அறியும், டாஷ் அறியாது. அது இரட்டை அடைப்பை ஒரு செய்நிரலின் பெயர் என்று எண்ணித் தேடுகிறது. அப்படி ஒன்று இல்லை என்று ஒரு வரி முறையிடுகிறது. ஆனால் வேலையை நிறுத்துவதில்லை. கட்டளை தோல்வியுற்றது, ஆகவே நிபந்தனை பொய் என்று கொண்டு மேலே செல்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் இதுவே நிகழ, எல்லாரும் நிறைவற்றவர் ஆயினர். முற்றாக நின்றுவிடும் செய்நிரலிலும், தவறான விடையை அமைதியாகத் தந்துவிட்டுச் செல்லும் செய்நிரல் ஆபத்தானது என்பதற்கு இது தக்க சான்று.

அந்த முறையீட்டு வரி எங்கே போயிற்று என்ற கேள்வி எழும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் குரோன் என்னும் ஏவலாளி, தான் ஓட்டிய வேலை எழுதும் செய்திகளைக் கணினியின் உள்ளஞ்சல் வழியாக உரிமையாளருக்கு அனுப்புவது வழக்கம். அஞ்சல் அமைப்பு நிறுவப்படாத கணினியில் அச்செய்தி வெளியே எறியப்பட்டுவிடும். சாட்சி கூக்குரலிட்டும் கேட்பதற்கு ஆளில்லாத நிலை இது.

இரண்டாவது வினா சொற்பிரிப்பைப் பற்றியது. தமிழ் இலக்கணத்திலே பிரிமொழிச் சிலேடை என்று ஒன்றுண்டு. ஒரே எழுத்துத் தொடர், பிரிக்கும் இடத்தைப் பொறுத்து வேறு பொருள் தரும். கணினிக் கட்டளையிலும் அத்தகைய நிலை உண்டு. வெள்ளவத்தைப் பட்டியலைத் தாங்கிய கோப்புக்கு 'வெள்ளவத்தை மாணவர்' என்று இரு சொற்களில், இடையே வெற்றிடம் விட்டுப் பெயரிடப்பட்டிருந்தது. அப்பெயர் ஒரு மாறியில் வைக்கப்பட்டு, பின்பு மேற்கோட் குறி இல்லாமல் அழைக்கப்பட்டது. மேற்கோட் குறியற்ற மாறியை இசட்-ஷெல் இயல்பாகப் பிரிப்பதில்லை; இரு சொற்களையும் ஒரே பெயராகக் கொள்ளும். பாஷும் டாஷும் வெற்றிடத்தில் வெட்டி, 'வெள்ளவத்தை' என்று ஒரு கோப்பும் 'மாணவர்' என்று இன்னொரு கோப்பும் தேடும். இரண்டும் இல்லை, பட்டியல் மறைந்தது. கொட்டாஞ்சேனைப் பட்டியலின் கோப்புப் பெயர் ஒரே சொல்லாக இருந்தமையால் அது தப்பியது.

இங்கு நடந்தது வாசிப்பு. ஆகவே இழப்பு ஒரு நாளோடு போயிற்று. அழிக்கும் கட்டளையாக இருந்து, 'மாணவர்' என்ற பெயரில் வேறொரு கோப்பும் அங்கே இருந்திருக்குமானால், சம்பந்தமற்ற அந்தக் கோப்பு அழிந்துபோயிருக்கும். மாறியை அழைக்கும் இடமெல்லாம் இரட்டை மேற்கோட் குறிக்குள் அடைப்பது இதற்குரிய மருந்து. அவ்வாறு அடைத்தால் மூன்று ஷெல்களும் ஒரே பொருள் கொள்ளும்.

மூன்றாவது வினா சூழலைப் பற்றியது. எந்தச் செய்நிரலும் வெறுங்கையோடு பிறப்பதில்லை. தன்னை அழைத்த ஷெல்லிடமிருந்து சூழல் மாறிகள் என்னும் முதுசத்தைப் பெற்றுக்கொண்டே பிறக்கிறது. செய்நிரல்களை எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுவது என்பது அவற்றுள் ஒன்று. பயனர் தாமே திறக்கும் ஷெல்லில் இத்தேடற் பாதை நீண்டிருக்கும்; குரோன் தரும் பாதையோ மிகக் குறுகியது. பகலில் கையால் அழைத்தபோது கிடைத்த செய்நிரல் இரவில் 'காணப்படவில்லை' என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

தமிழர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மொழி வழக்கைக் குறிக்கும் மாறி. எழுத்துக்களை எவ்வாறு எண்ணுவது, எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பன அதனைச் சார்ந்தவை. தமிழ் நெடுங்கணக்கிலே மெய்கள் க, ங, ச, ஞ என்று தொடங்கி வ, ழ, ள, ற, ன என்று முடிகின்றன. ஆனால் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் வகுத்தபோது, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் ஏற்பட்ட இஸ்கி என்னும் நியமத்தின் ஒழுங்கே பின்பற்றப்பட்டது. அவ்வொழுங்கில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே வந்துவிடுகிறது.

இப்போது கனகா, கபிலன், கமலா என்னும் மூன்று பெயர்களை எடுத்துக்கொள்க. தமிழ் அகர வரிசைப்படி கபிலன், கமலா, கனகா என்று அடுக்க வேண்டும். தமிழ் வரிசையை அறிந்த மொழி வழக்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் வரிசைப்படுத்தும் செய்நிரல் அவ்வாறே அடுக்கும். வெள்ளவத்தைக் கணினியில் நடந்தது அது. மொழி வழக்கு எதுவும் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால், 'சி' என்னும் ஓரெழுத்தாற் குறிக்கப்படும் அடிப்படை வழக்கே ஆட்சி செய்யும். அது குறியீட்டு எண்ணை மட்டும் நோக்கி, கனகா, கபிலன், கமலா என்று அடுக்கிவிடும். கொட்டாஞ்சேனையில் நடந்தது இது. கனகாவின் பெயர் பட்டியலில் இருந்தது. தேடியவர் எதிர்பார்த்த இடத்தில் இருக்கவில்லை.

எழுத்தெண்ணிக்கையும் இவ்வாறே மாறும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பெயர்களையும் ஒரு பாடசாலைப் பிள்ளை எண்ணினால் ஒவ்வொன்றிலும் 6 எழுத்துக்கள். ஒருங்குறியிலோ உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால் முன்னதில் 10 குறியீடுகள், பின்னதில் 12. அவை கோப்பிற் பதியப்படும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். ஆகவே முன்னது 30 பைட்டு, பின்னது 36 பைட்டு. பொருத்தமான மொழி வழக்கில் பாஷும் இசட்-ஷெல்லும் 10, 12 என்று விடை கூறும். நெடுங்காலம் வழக்கிலிருந்த டாஷ் பதிப்புகள் 30, 36 என்று கூறும். '25 எழுத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயரைத் தள்ளுக' என்று ஒருவர் விதி எழுதினால், ஓரிடத்தில் இரண்டு ஊர்களும் ஏற்கப்படும். மற்றோரிடத்தில் இரண்டும் தள்ளப்படும். விதியை எழுதியவர் தமிழ்ப் பிள்ளை எண்ணும் 6ஐ மனத்திற் கொண்டிருப்பார். அந்த விடையை இரு சாராருமே தருவதில்லை.

சூழல் என்பது எத்துணை வலிமை வாய்ந்தது என்பதை 2014 செப்டெம்பர் மாதத்தில் உலகம் உணர்ந்தது. சூழல் மாறி ஒன்றுக்குள் மறைத்து வைக்கப்பட்ட கட்டளையை பாஷ் தானே நிறைவேற்றிவிடும் குறை ஒன்றை ஸ்டெபான் சசெலாஸ் என்பவர் கண்டறிந்தார். ஷெல்ஷொக் என்று பெயர் பெற்ற அக்குறை ஏறத்தாழ 25 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. பொதுப்பெயருக்கு டாஷ் விடையளிக்கும் முறைமைகளில் ஆபத்து நுழையும் வழிகள் குறைவாகவே இருந்தன. எந்த ஷெல் படிக்கிறது என்ற வினா, ஒரு நாட்டின் கணினிப் பாதுகாப்பையே தொடும் வினாவாக அன்று மாறிற்று.

இனி, குறை காணும் முறையைச் சுருக்கிக் கூறலாம். முதலாவதாக, முறையீடுகளைக் கேட்க வேண்டும்: செய்நிரல் எழுதும் பிழைச் செய்திகள் அனைத்தும் ஒரு கோப்பிற் சேரும்படி செய்க. இரண்டாவதாக, படிப்பவர் யார் என்று உறுதி செய்க: முதல் வரியைப் பார்ப்பதோடு நில்லாது, 'எஸ்-எச்' என்ற பொதுப்பெயர் அந்தக் கணினியில் எந்த ஷெல்லைச் சுட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, நன்றாக ஓடும் இடத்திலும் ஓடாத இடத்திலும் சூழல் மாறிகளை எழுதி எடுத்து, இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுக. கணக்குப் பரிசோதகர் இரு பேரேடுகளை ஒப்பிடுவது போன்ற வேலை இது.

நான்காவதாக, ஷெல்லையே பேச வைக்கலாம். 'எக்ஸ்' என்ற எழுத்தாற் குறிக்கப்படும் விருப்பத்தைக் கொடுத்து ஓட்டினால், ஒவ்வொரு கட்டளையையும் தான் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை நிறைவேற்றுமுன் ஷெல் எழுதிக் காட்டும். சொல் பிளவுபட்ட இடம் அங்கே வெளிச்சமாகும். ஐந்தாவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மூன்றையும் ஒருங்கே மாற்றிவிட்டுக் குறை தீர்ந்தது என்று மகிழ்பவர், எதனால் தீர்ந்தது என்பதை அறியமாட்டார். அடுத்த கணினியில் அதே குறை மீண்டும் வந்து நிற்கும். இவற்றோடு, கட்டளைக் கோப்பை ஓட்டாமலே படித்து வழுக்களைச் சுட்டும் ஷெல்செக் என்னும் இலவசச் செய்நிரல் 2012 முதல் வழக்கில் உண்டு. மேற்கூறிய இரட்டை அடைப்பையும் மேற்கோட் குறியற்ற மாறியையும் அது உடனே காட்டிக்கொடுக்கும்.

பரிகாரமும் கடினமானதன்று. குறித்த ஒரு ஷெல்லின் வழக்குகள் வேண்டுமாயின் முதல் வரியில் அந்த ஷெல்லின் பெயரையே எழுதுக. பொதுப்பெயரை எழுதினால் பொது இலக்கணத்தை மீறாதொழிக. மாறிகளை மேற்கோட் குறிக்குள் அடைத்திடுக. தேடற் பாதையையும் மொழி வழக்கையும் கோப்பின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறிவிடுக. அந்த மொழி வழக்கு அக்கணினியில் நிறுவப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க. பெயர்களை எண்ணும் வேலையையும் வெட்டும் வேலையையும் ஷெல்லிடம் விடாது, தமிழ் எழுத்தை எழுத்தாக அறியும் செய்நிரலிடம் ஒப்படைப்பதே நன்று.

தமிழை இக்கருவிகள் அறியமாட்டா என்ற கூற்றுக்கு இனி இடமில்லை. தமிழுக்கான குறியீட்டு நியமம் இலங்கையில் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற எண்ணோடு ஏற்கப்பட்டது. '.இலங்கை' என்னும் இணைய ஆள்களப் பெயர் 2010இல் உலக இணைய வேரிற் சேர்க்கப்பட்டது. கருவி தமிழை அறியும். தமிழில் வேலை செய் என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டவற்றை ஒவ்வொரு ஷெல்லும் தன் வழக்கப்படி நிரப்பிக்கொள்ளும், கொட்டாஞ்சேனையில் ஒரு விதமாகவும் வெள்ளவத்தையில் வேறு விதமாகவும். சங்கத்தின் கோப்பில் திருத்த வேண்டியவை ஒரு சில வரிகளே. அவற்றைத் திருத்தினால் கனகாவின் பெயர் கமலாவுக்குப் பின்னே, அவளுடைய தாய் தந்தையர் இட்ட எழுத்துக்களிலேயே நிற்கும்.